கார் கண்ணாடியில் உறைந்த பனி: காலையில் சீக்கிரம் எடுக்க என்ன வழி?

அதிகாலைப் பயணி

எல்லோருக்கும் வணக்கம். காரை நிறுத்த எனக்கு மூடிய இடம் கிடையாது. இரவு முழுக்க வெட்டவெளியில்தான் நிற்கிறது. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டியவன். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதிலிருந்து தினமும் எல்லாக் கண்ணாடியும் வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. ஒரு நாள் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது, இன்னொரு நாள் ஸ்க்ரேப்பர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது.

பக்கத்தில் குடியிருப்பவர் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார். "வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெந்நீர் நிஜமாகவே ஆபத்தா? இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் சரியா? ஸ்ப்ரே வீட்டிலேயே கலக்கலாம் என்கிறார்களே, அது வேலை செய்யுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்

வெந்நீர் வேண்டாம் தம்பி. பட்டறையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் சிதறக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலான கார்களில் வேறு வகை, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினப்படுத்தியவை. திடீர் வெப்ப மாற்றத்தை அவை நன்றாகவே தாங்கும். முன்கண்ணாடிக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது. மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் கண்ணாடியில் 90 டிகிரித் தண்ணீர் விழுந்தால், விழுந்த இடம் மட்டும் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த பகுதி விரிய விடாது. இந்த இழுபறியில் எந்த இடம் பலவீனமோ அங்கே கீறல் விடும். குறையில்லாத கண்ணாடி பல தடவை தாங்கிவிடும், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் நடப்பது அதுதான். சாலையில் கல் தெறித்த ஒரு சின்னப் புள்ளி இருந்தால் கதை வேறு. அங்கே ஆரம்பித்து ஓரம் வரைக்கும் ஓடிவிடும்.

கண்ணாடி தப்பித்தாலும் ஊற்றிய தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். வைப்பருக்கு அடியில், கதவு ரப்பரில், நீங்கள் கால் வைத்து ஏறும் தரையில் இறங்கி அங்கங்கே உறையும். "சரி, வெதுவெதுப்பாக ஊற்றுகிறேன்" என்றாலும் பயனில்லை. கண்ணாடி இன்னும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் கொஞ்ச நேரத்தில் மறுபடி உறைந்து, முன்பைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

வெப்பக் கணக்கு

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதில் பலரும் இலக்கையே மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். பனியை உருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். உருக்க வேண்டியதில்லை. கண்ணாடியோடு அதற்கு இருக்கும் பிடி விட்டால் போதும், மீதியைத் தள்ளிவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கிட்டத்தட்ட அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம். முன்கண்ணாடியின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருக்கும். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் பனி படிந்தாலே ஏறக்குறைய ஒரு கிலோ. இப்போதுதான் ஸ்டார்ட் செய்த, இன்னும் சூடாகாத இஞ்சின் இதை முழுக்க உருக்கித் தர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் நேரம்தான் போகும்.

ஆனால் உள்ளிருந்து லேசாகச் சூடு ஏறி, கண்ணாடியை ஒட்டிய மயிரிழை அளவுப் படலம் மட்டும் இளகிவிட்டால், மேலே இருப்பது முழுத் துண்டாகப் பெயர்ந்து வரும். அதற்குத் தேவையான வெப்பம் மிகக் கொஞ்சம். ஹீட்டர், ஸ்ப்ரே, ஸ்க்ரேப்பர் மூன்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் எதை எப்போது செய்வது என்பது தானாகப் பிடிபடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். "வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே காட்டுகிறது, ஆனால் கண்ணாடியில் பனி" என்று சிலர் குழம்புவார்கள். மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடும். சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துபோகும். காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும் கண்ணாடி பூஜ்யத்துக்குக் கீழே போய், காற்றில் உள்ள நீராவி நேரடியாகப் படிகமாகப் படிந்துவிடும். சாய்ந்து வானத்தைப் பார்த்திருக்கும் முன்கண்ணாடியில் அதிகமாகவும், செங்குத்தான பக்கக் கண்ணாடியில் குறைவாகவும் படிவது இதனால்தான். ஒரு கூரை விளிம்போ மரக்கிளையோ மேலே இருந்தால்கூட வித்தியாசம் தெரியும். சுவரை ஒட்டி நிறுத்திய காரில் சுவர்ப் பக்கத்துக் கண்ணாடி சுத்தமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நெடுவழி

வெப்பக் கணக்கு சொன்ன அந்தப் பிடி விஷயம் நூற்றுக்கு நூறு. குளிர்ப் பிரதேசங்களில் ஓட்டியே பிழைப்பு நடத்துபவன் நான். என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

முதல் வேலை, வைப்பர் சுவிட்ச் 'ஆஃப்'-இல் இருக்கிறதா என்று பார்ப்பது. மழை பெய்தால் தானாக ஓடும் வைப்பர் உள்ள கார் என்றால் இது கட்டாயம். அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்தால் கண்ணாடியோடு ஒட்டிய ரப்பர் கிழியும், இல்லாவிட்டால் மோட்டாருக்குச் சுமை. அப்புறம் ஸ்டார்ட் செய்து, முன்கண்ணாடியில் சூடான காற்று அடிக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, பின்கண்ணாடி ஹீட்டரையும் போட்டுவிட்டு வெளியே இறங்குவேன். காரை விட்டு நகர மாட்டேன்.

மேலே பனித்தூள் இருந்தால் முதலில் பிரஷ். கூரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூரையை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தால், முதல் பிரேக்கில் கூரையில் இருப்பது மொத்தமும் சரிந்து முன்கண்ணாடிமேல் விழும். வேகமாகப் போனால் பின்னால் வருபவர்மேல் பறக்கும்.

அதன்பிறகுதான் ஸ்க்ரேப்பர். பிளாஸ்டிக் அல்லது பித்தளை விளிம்பு உள்ளது. இரும்புக் கரண்டி, கத்தி எதுவும் கிட்டே வரக்கூடாது. பல் போல வெட்டுள்ள பக்கம் கெட்டிப் பனியில் கோடு போட்டு உடைக்க, நேர் விளிம்பு உடைந்ததைத் தள்ள. கண்ணாடிக்கு 45 டிகிரி சாய்வில் வைத்து ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது, பனியோடு சேர்ந்த மண் துகள் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். அந்தக் கோடுகள் பகலில் தெரியாது, இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால்தான் தெரியும்.

நான் சுரண்டி முடிக்கும் நேரத்துக்குள் உள்ளிருந்து சூடு ஏறியிருக்கும். அடுத்த தடவை தள்ளும்போது பெரிய பெரிய துண்டாக வரும்.

மூலக்கூறு

ஸ்ப்ரே பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேதியியல் படித்தவள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இந்தக் கலவை சுமார் மைனஸ் 20 டிகிரி வரை உறையாது. அதைவிடக் கடுமையான குளிர் என்றால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி சேர்த்தால் பரவி நனைக்கும். விசை அழுத்தித் தெளிக்கும் சாதாரண பாட்டில் போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. அழுத்த வாயு அடைத்த டப்பாக்கள் குளிரில் வேகம் இழந்துவிடும்.

தெளிக்கும்போது மேல் விளிம்பிலிருந்து தெளியுங்கள், வழிந்து கீழே வரட்டும். உடனே சுரண்டாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். ஆல்கஹால் பனியின் வெடிப்புகள் வழியாக இறங்கிக் கண்ணாடியை எட்ட நேரம் வேண்டும். தடித்த பனி என்றால் முதலில் ஸ்க்ரேப்பரின் பல் பக்கத்தால் கோடுகள் போட்டுவிட்டுத் தெளித்தால் பாதி திரவத்தில் வேலை முடியும்.

எச்சரிக்கை: இது எளிதில் தீப்பிடிக்கும். காருக்குள் உட்கார்ந்து தெளிக்காதீர்கள், பக்கத்தில் யாரும் புகைக்கக்கூடாது.

இப்போது வினிகர். "மூன்று பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர், இரவே தெளித்துவிட்டால் பனியே படியாது" என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். சாதாரண வினிகரில் அமிலம் 5 சதவீதம்தான். அது உறைநிலையை இரண்டு டிகிரிகூடக் கீழே இறக்காது, தண்ணீர் சேர்த்தால் இன்னும் குறைவு. மைனஸ் 8-இல் அதைத் தெளித்தால் கண்ணாடியில் இன்னொரு பனி அடுக்குத்தான் கிடைக்கும்.

உப்புத் தண்ணீர் வேலை செய்யும். நல்ல செறிவில் மைனஸ் 21 வரை உறையாமல் இருக்கும். ஆனால் அது வழிந்து போகும் இடமெல்லாம் இரும்பு. கண்ணாடியின் கீழ் விளிம்பு, வைப்பர் அச்சு, பானட் இடுக்கு எல்லாவற்றையும் துரு தின்றுவிடும். தயவுசெய்து வேண்டாம். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டையும் கண்ணாடியில் ஊற்றாதீர்கள். கண்ணாடியில் எண்ணெய் போலப் படிந்து பார்வையை மறைக்கும். பல கூலண்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும், கொஞ்சமே உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து.

அதிகாலைப் பயணி

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மூலக்கூறு அக்கா, அந்தக் கலவையையே வாஷர் தொட்டியில் ஊற்றிவிடலாமா? பொத்தானை அழுத்தினால் கண்ணாடியில் அடிக்குமே.

மூலக்கூறு

தொட்டிக்கு அதற்கென்று விற்கும் குளிர்கால வாஷர் திரவமே நல்லது. பாட்டிலில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும், உங்கள் இடத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைவிடக் கீழே இருப்பதாக எடுங்கள். அதில் தண்ணீர் கலந்தால் அந்த எண் செல்லாது. புதிதாக ஊற்றியதும் சில வினாடி அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயில் தங்கிய பழைய தண்ணீர் இரவில் உறைந்து, தொட்டியில் நல்ல திரவம் இருந்தும் ஒரு சொட்டு வராது.

சில திரவங்களில் மெத்தனால் இருக்கும். அது விஷம், குடித்தால் கண் பார்வை போகும், உயிரும் போகலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், பழைய தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

ஓடும்போது அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்கும்போது அடித்தால், எதிர்க்காற்றில் ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடும், தங்கும் தண்ணீர் உங்கள் கண் முன்னாலேயே வெள்ளையாக உறையும். கண்ணாடி கொஞ்சம் சூடான பிறகு அடிப்பதே பாதுகாப்பு.

மலைப்பாதை

வைப்பரை இரவே தூக்கி நிறுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நான் எப்போதும் அப்படித்தான். ஒட்டாது, காலையில் சுரண்டவும் இடைஞ்சல் இல்லை.

ஸ்பேனர்

காற்று இல்லாத இரவு என்றால் சரி. பலத்த காற்றில் தூக்கி நிறுத்திய வைப்பர் படாரென்று கண்ணாடியில் அடித்துக் கீறல் விழுந்த கார்கள் பட்டறைக்கு வருகின்றன. அந்தக் கைக்குள் இருக்கும் ஸ்பிரிங் பலமானது. தவிர, இப்போது வரும் பல கார்களில் வைப்பர் பானட் விளிம்புக்குள் மறைந்து நிற்கிறது. வைப்பர் தூக்க வசதியாக வெளியே வந்து நிற்கும் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் வலுக்கட்டாயமாகத் தூக்கினால் பெயிண்ட் போகும். அது எப்படி என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

தூக்க விருப்பமில்லாதவர்கள் வைப்பர் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் செருகிவிடுங்கள், ஒட்டாது. இரவு காரை நிறுத்தும்போது வைப்பரை அணைத்துவிட்டே இஞ்சினை அணையுங்கள். பாதி வழியில் நின்றுபோன வைப்பர் காலையில் அந்த இடத்திலேயே உறைந்திருக்கும்.

மலைப்பாதை

காற்று விஷயம் நியாயம்தான். எங்கள் பக்கம் பள்ளத்தாக்கு, காற்று குறைவு, அதனால் எனக்கு ஒத்துவருகிறது. பிளாஸ்டிக் தாள் யோசனை நன்றாக இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

முன்கண்ணாடிக்கு உறை போடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. கதவிடுக்கில் இரண்டு ஓரமும் செருகி மூடும் உறைதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடச் சிறந்தது. காலையில் உருவிவிட்டால் சுத்தமான கண்ணாடி. ஒரே நிபந்தனை, போடும்போது கண்ணாடி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் உறையே கண்ணாடியோடு உறைந்துவிடும். பழைய துண்டு, போர்வை போடுபவர்களுக்கும் அதே பிரச்சினை, துணி ஈரத்தை உறிஞ்சிப் பலகையாகிவிடும். அட்டை என்றால் உலர்ந்த இரவுக்கு மட்டும்.

காற்றோட்டம்

ஓடவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டும், மன்னிக்கவும்.

மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது உயிரைப் பறிக்கும். ஷட்டர் திறந்திருந்தாலும் அதே ஆபத்து உண்டு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து நகரும் சக்தி போய்விடும். திறந்த வெளியில் நிற்கும் காரிலும், இரவில் பெய்த பனி புகைக்குழாயை மூடியிருந்தால் புகை காருக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். குழந்தையை உள்ளே உட்காரவைத்து ஹீட்டரைப் போட்டுவிட்டு வெளியே நின்று சுரண்டுபவர்கள் தயவுசெய்து முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன்பே அதைச் செய்யுங்கள்.

சாவியோடு ஓடவிட்டு வீட்டுக்குள் போவதும் வேண்டாம். திருடனுக்குக் கொடுத்துவிட்டது போலத்தான். இன்சூரன்ஸும் பல இடங்களில் கைவிரித்துவிடும். நிறுத்திய காரைத் தேவையில்லாமல் ஓடவிடுவதைச் சட்டமே தடுக்கும் ஊர்களும் உண்டு.

வெப்பக் கணக்கு

காற்றோட்டம் சொன்னதற்கு வலு சேர்க்க: நின்ற இடத்தில் சும்மா ஓடும் இஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடாகும், டீசல் இன்னும் மெதுவு. கண்ணாடிகளைக் கையால் சுத்தம் செய்துவிட்டு நிதானமாக ஓட்டத் தொடங்கினால் ஹீட்டர் சீக்கிரம் வேலை செய்யும். முதல் சில நிமிடம் விசிறியைக் குறைவாக வைத்து, வெப்ப முள் நகர ஆரம்பித்ததும் கூட்டுங்கள்.

மின்சாரக்கார்

என்னுடையது மின்சாரக் கார். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு வசதி. கிளம்பும் நேரத்தை ஆப்பில் குறித்துவிட்டால் அதுவே முன்கூட்டிச் சூடாக்கி வைத்துவிடும், புகைத் தொல்லையும் கிடையாது. சார்ஜரோடு இணைத்தே வைத்திருங்கள், அப்போது அந்த மின்சாரம் பெரும்பாலும் வீட்டு இணைப்பிலிருந்து போகும், பேட்டரியின் ஓட்டத் தொலைவு குறையாது. ஆனால் தடித்த பனி இருந்தால் இங்கேயும் ஸ்க்ரேப்பர் வேண்டும்.

விளிம்புச் சட்டம் இல்லாத கதவுக் கண்ணாடி உள்ள கார்களில் கவனம். கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கித்தான் திறக்கும். உறைந்திருந்தால் இறங்காது. பலம் கொடுத்து இழுக்காதீர்கள். எந்தக் காராக இருந்தாலும் உறைந்த பக்கக் கண்ணாடியை மோட்டார் போட்டு இறக்கப் பார்க்க வேண்டாம், உள்ளே பிடித்திருக்கும் கிளிப் உடையும்.

அதிகாலைப் பயணி

சரி, ஓடவிட்டு உள்ளே போகும் யோசனையை விட்டுவிட்டேன். இன்னொரு கேள்வி. சில நாள் கண்ணாடியின் உள்பக்கமும் உறைந்திருக்கிறது. வெளியே எவ்வளவு சுரண்டினாலும் மங்கலாகவே இருந்தால் உள்ளேதான் பனி என்று தெரிகிறது. அதற்கு என்ன செய்வது?

ஸ்பேனர்

இது வேறு நோய் தம்பி. வெளிப்பக்கப் பனி வானிலை, உள்பக்கப் பனி என்றால் காருக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்காமல் தினமும் துடைத்துக்கொண்டிருந்தால் முடிவே கிடையாது.

முதலில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். காலணியோடு வரும் பனி உருகி, மிதிக்குக் கீழே கம்பளத்தில் ஊறியிருக்கும். மேலே உலர்ந்தது போலத் தெரியும், கையால் அழுத்தினால் தண்ணீர் வரும். குளிர்காலத்துக்கு ஓரம் உயர்ந்த ரப்பர் மிதி போட்டால், தேங்கியதை அப்படியே எடுத்து வெளியே கொட்டிவிடலாம். அடுத்து டிக்கி, மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளம். அங்கே தண்ணீர் நின்றால் பின்விளக்கு ரப்பரோ டிக்கிக் கதவு ரப்பரோ போயிருக்கிறது. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காற்று சரியாக மாறாமல் ஈரம் உள்ளேயே சுற்றும். முன்பக்கம் பயணி கால் வைக்கும் இடம் மட்டும் நனைந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு இனிப்பு மணம் வந்தால் ஹீட்டருக்குள் சூடான கூலண்ட் ஓடும் பகுதியான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அது உடனே பட்டறைக்கு வர வேண்டிய விஷயம்.

மிக முக்கியமானது: உள்பக்கம் ஸ்க்ரேப்பர் போடாதீர்கள். பின்கண்ணாடியில் தெரியும் ஹீட்டர் கோடுகள் உள்பக்கத்தில் அச்சிட்டவை. ஓர் இழுப்பில் அறுந்துவிடும், அறுந்த கோடு வேலை செய்யாது. முன்கண்ணாடியில் கேமரா இருக்கும் மேல்பகுதியிலும் கவனம். உள்ளே ஹீட்டர் இளக்கட்டும், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

வெப்பக் கணக்கு

உள் ஈரத்துக்கு வெளிக்காற்றை ஏன் விட வேண்டும் என்று பலருக்குச் சந்தேகம். குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் இன்னும் குளிருமே என்று உள்சுழற்சியில் வைத்துவிடுகிறார்கள். மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் இரண்டு கிராம் சொச்சம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 கிராம் வரை பிடிக்கும். அதாவது, வெளியிலிருந்து வந்து ஹீட்டரில் சூடான காற்று ஈரத்துக்காகக் காத்திருக்கிறது. கண்ணாடியில் இருப்பதை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். உள்சுழற்சியில் வைத்தால் நம் மூச்சில் வரும் ஈரமே திரும்பத் திரும்பக் கண்ணாடியில் படியும்.

ஏசியும் காற்றை உலர்த்தும், ஆனால் உறைநிலையை ஒட்டிய குளிரில் பல கார்களில் ஏசி கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். அப்போது வெளிக்காற்று ஒன்றுதான் துணை. இரவு காரை விட்டு இறங்கும் முன் கதவுகளைச் சிறிது நேரம் திறந்துவைத்து உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். இதில் செலவே இல்லை, காலையில் நன்றாகவே தெரியும்.

காற்றோட்டம்

கண்ணாடியின் உள்பக்கத்தை அடிக்கடி கழுவித் துடைப்பதும் உதவும். அழுக்குப் படலம் இருந்தால் நீராவி அதில் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

நெடுவழி

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம்.

ஸ்டீயரிங்குக்கு நேரே ஒரு தட்டு அளவு வட்டம் சுரண்டிக்கொண்டு கிளம்புபவர்களைத் தினமும் பார்க்கிறேன். "போகப் போக உருகிவிடும்" என்பார்கள். அந்த ஓட்டையில் நேரே போகும் வண்டி தெரியும். இடப்பக்கம் சாலையைக் கடக்கத் தயாராக நிற்கும் குழந்தை தெரியாது, வளைவில் வரும் சைக்கிள் தெரியாது. விடியற்காலைச் சூரியன் தாழ்வாக முகத்துக்கு நேரே அடித்தால், சுற்றியிருக்கும் பனி முழுக்க ஒளிர்ந்து அந்த ஓட்டையும் போய்விடும். எல்லாக் கண்ணாடியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அடிபடுபவரின் உடம்பு ஒன்றுதான்.

இது மோட்டார் காலத்தின் தொடக்கத்திலேயே இருந்த பிரச்சினை. நியூயார்க்கில் ஒரு டிராம் ஓட்டுநர் உறைபனி மழையில் வெளியே தெரியாமல் முன்கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டியதைப் பார்த்துத்தான் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி உள்ளிருந்தே இயக்கும் வைப்பரை யோசித்தார் என்பார்கள். 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடிகள், முகப்பு விளக்கு, பின்விளக்கு, நம்பர் பிளேட், கேமரா, பம்பரில் உள்ள சென்சார்கள், இவற்றையும் துடையுங்கள். எல்இடி முகப்பு விளக்குகள் பழைய பல்புகளைப் போல முன்பக்கம் சூடாகாது. அதன்மேல் பனி ஒட்டினால் தானாக உருகாது, வெளிச்சம் மங்குவது ஓட்டுபவருக்கும் உடனே உறைக்காது.

புதுக்குளிர்

எனக்கு இது முதல் குளிர்காலம். முந்தாநாள் மழை பெய்து அப்படியே உறைந்துவிட்டது. கார் முழுக்கக் கண்ணாடி வார்த்தது போல வழவழவென்று இருந்தது. கதவே திறக்கவில்லை. இதற்கும் அதே முறைதானா?

நெடுவழி

உறைமழையில் காற்றுக்குமிழி இல்லாத கெட்டிப் பனி படியும், மேலிருந்து சுரண்டினால் ஒன்றும் நகராது. பலத்தைக் காட்டாதீர்கள். முதலில் கதவு. இழுப்பதற்குப் பதிலாக உடம்பைச் சாய்த்து உள்நோக்கி அழுத்துங்கள், ரப்பரில் உள்ள பனி நொறுங்கும். திறக்காவிட்டால் வேறு கதவு, டிக்கி என்று முயலுங்கள். இழுத்தால் ரப்பர் கிழியும், கைப்பிடியும் உடையும்.

உள்ளே போனதும் டிஃப்ராஸ்ட் போட்டுவிட்டு வெளியே வந்து, மூலக்கூறு சொன்னபடி பல் விளிம்பால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஆல்கஹால் கலவையைத் தெளித்துப் பொறுமையாக இருங்கள். இந்த ஒரு வகைப் பனிக்கு மட்டும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். கீழ்விளிம்பில் காற்று வரும் இடத்தில் முதலில் இளகும், அங்கிருந்து ஸ்க்ரேப்பரை அடியில் செலுத்திப் பெயர்த்தால் பாளமாக வரும். சாலையும் அதே நிலையில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் அன்றைக்குப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

ஸ்பேனர்

கதவு ரப்பரை உலரத் துடைத்து, குளிர்காலம் முழுக்க அவ்வப்போது சிலிக்கோன் தடவி வையுங்கள், ஒட்டாது. சாவித் துவாரத்தில் உறைந்த பனியை இளக்கப் போடும் டீ-ஐசரைக் காருக்குள் வைக்காதீர்கள், பூட்டு உறைந்தால் அது உள்ளே, நீங்கள் வெளியே. சட்டைப் பையில் இருக்கட்டும்.

புதுக்குளிர்

நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. என் முன்கண்ணாடியில் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லடி இருக்கிறது. டிஃப்ராஸ்டை முழு வேகத்தில் வைக்கலாமா?

ஸ்பேனர்

வைக்காதீர்கள். ஓரத்துக் கல்லடிதான் சீக்கிரம் ஓடும். சூட்டைக் குறைவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுங்கள், காற்று நேரே அந்தப் புள்ளியில் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஸ்க்ரேப்பரை அழுத்த வேண்டாம். அந்தக் குழிக்குள் தண்ணீர் இறங்கி உறைந்தால் கொள்ளளவு 9 சதவீதம் பெருகி உள்ளிருந்தே பிளக்கும். அதனால் உலர்ந்திருக்கும் நேரத்தில் அதன்மேல் தெளிவான டேப் ஒட்டிவிடுங்கள், பார்வைக்கு இடைஞ்சல் இல்லாத இடம் என்றால் மட்டும். பட்டறையில் ரெசின் ஊற்றி அடைத்துவிடலாம், நாணய அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் முடியும். உள்ளே ஈரமோ அழுக்கோ போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது, அதனால் இந்த வாரமே கொண்டுபோங்கள். ஓரத்துக்கு மிக அருகில் இருந்தால் கண்ணாடியையே மாற்றச் சொல்லலாம், அதற்கும் தயாராகப் போங்கள்.